50 வாட் எங்கே போகிறது?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நான் பேசியது. அன்று வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டதால் எழுதித் தருகிறேன். பேசும்போது விட்டுப்போன இரண்டொரு விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



ஏ பிளாக் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் லிஃப்ட் அறைக்கும் நடுவே ஒரு செம்புக் கம்பி போகிறதே, அது யாருடையது என்று கேட்டு சங்கத்துக்கு மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. கம்பி என்னுடையதுதான். அதை எடுக்கச் சொல்லி அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வரப்போகிறது என்றும் தெரியும். வரட்டும். கை தூக்குவதற்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். முப்பத்தைந்து வருஷம் வங்கி கவுண்டரில் உட்கார்ந்தவன், கணக்கைத் தவிர வேறு எதை வைத்துப் பேசத் தெரியும்?

கடிதங்களில் இருந்த கேள்விகள் மூன்று. பொதுக் கரன்ட்டில் ஓட்டுகிறாரா? எத்தனை வாட் அனுப்புகிறார், அது நம்மை என்ன செய்யும்? பி பிளாக்கில் ஒரு வீட்டு ஸ்பீக்கரில் ராத்திரி எட்டு மணிக்கு இவர் குரல் கேட்டதே, அது எப்படி?

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில். கரன்ட் என் வீட்டு மீட்டரில் ஓடுகிறது. டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது சுவர் பிளக்கிலிருந்து சுமார் 150 வாட் எடுக்கும். தினம் அரை மணி நேரம் பேசினால் இரண்டு மாதத்துக்கு நாலரை யூனிட். உங்கள் வீட்டு 2000 வாட் கீசர் தினம் கால் மணி நேரம் ஓடினால் அதே இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது கேள்விதான் சுவாரஸ்யமானது. எத்தனை வாட் என்று கேட்டால் அமெச்சூர் ரேடியோக்காரனிடமிருந்து ஒரே பதில் வராது. என்னிடமே ஐந்து பதில் இருக்கிறது: 150, 50, 35, 140, கடைசியில் 9-க்குக் கொஞ்சம் குறைவு. ஐந்தும் உண்மை. ஒரே கம்பெனியின் கொள்முதல், உற்பத்திச் செலவு, விற்பனை, லாபம் எல்லாம் வேறு வேறு தொகையாக இருப்பதில்லையா, அப்படித்தான்.

நம் நாட்டில் இந்தப் பொழுதுபோக்குக்கு மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையிடம் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். ரெஸ்ட்ரிக்டெட் கிரேடுக்கு 50 வாட், ஜெனரல் கிரேடுக்கு 400 வாட் என்று வரம்பு. ஆனால் 1978-ஆம் வருஷத்து விதிகளில் அந்த வாட் எதைக் குறிக்கிறது என்று பார்த்தால், 'டி.சி. இன்புட்' என்று இருக்கும். அதாவது ஆன்டெனாவுக்குப் போவது எவ்வளவு என்பதல்ல, கடைசி வால்வின் தகடு உள்ளே வாங்கிக்கொள்வது எவ்வளவு என்பது. காரணம் எளிது. அந்தக் காலத்தில் வெளியே போகும் ரேடியோ அலையை ஒழுங்காக அளக்க வீட்டில் யாரிடமும் கருவி கிடையாது. உள்ளே போகும் டி.சி.யை அளக்க ஒரு வோல்ட் மீட்டர், ஒரு மில்லி ஆம்பியர் மீட்டர் போதும். இன்ஸ்பெக்டர் வந்தாலும் இரண்டு முள்ளையும் பார்த்துப் பெருக்கிவிட்டுப் போகலாம்.

என் செட்டில் கடைசி வால்வு 807. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி 1936-இல் கொண்டுவந்தது. தலையில் தொப்பி மாதிரி ஒரு முனை இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ராணுவ செட்டுகளில் ஏராளமாகப் பயன்பட்டு, பிறகு உலகம் முழுக்கப் பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. என்னுடையதை சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துப் பழைய மூர் மார்க்கெட்டில், அது தீப்பிடித்து எரிந்துபோவதற்கு முன்னால் வாங்கினேன். தகட்டுக்கு 500 வோல்ட், ஓடும் கரன்ட் 100 மில்லி ஆம்பியர். பெருக்கினால் 50 வாட். அதுதான் இரண்டாவது பதில்.

அந்த 50 வாட்டில் எவ்வளவு ஆன்டெனாவுக்குப் போகும் என்பது வால்வை எப்படி ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஏ கிளாஸ் என்று ஒரு முறை. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர் வராத நாளிலும் கடைப் பையனுக்கு முழுச் சம்பளம் கொடுப்பது போல. கணிதப்படி அதிகபட்சம் பாதிதான் தேறும், நடைமுறையில் இன்னும் குறைவு. பி கிளாஸில் அரைச் சுற்று மட்டும் வேலை, அங்கே உச்சவரம்பு 78.5 சதவீதம். சி கிளாஸில் வால்வு அரைச் சுற்றுக்கும் குறைவான நேரம்தான் விழித்திருக்கும். மீதி நேரம் சும்மா. அப்படியானால் அலை உடைந்து போகாதா என்று கேட்பீர்கள். வால்வுக்குப் பின்னால் ஒரு காயிலும் கண்டென்சரும் இருக்கின்றன. ஊஞ்சல் ஒவ்வொரு முறை பின்னால் வரும்போதும் ஒரு சின்னத் தள்ளு தள்ளினால் போதும், மீதியை ஊஞ்சலே ஆடிக்கொள்ளும் இல்லையா, அந்த வேலையை இவை இரண்டும் பார்த்துக்கொள்கின்றன. இதில் 70, 75 சதவீதம் வரை தேறும்.

ஆகவே 50 வாட் உள்ளே போனால் 35 வாட் வெளியே போகிறது. மீதி 15 வாட் தகட்டில் சூடாகிறது. 807-இன் தகடு 25 வாட் சூடு வரை தாங்கும் என்பதால் இது நிம்மதியான கணக்கு.

நிம்மதி கெட்ட ராத்திரியும் உண்டு. கண்டென்சரைத் திருப்பும்போது மில்லி ஆம்பியர் முள் ஒரு இடத்தில் சட்டென்று கீழே இறங்கும். 'டிப்' என்போம். ஊஞ்சலும் தள்ளுபவனும் ஒத்துப்போகும் இடம் அது. லைசென்ஸ் வாங்கிய புதிதில் ஒரு நாள், யாரோ கூப்பிடுகிறார்கள் என்ற அவசரத்தில், டிப் எடுக்காமலே சுவிட்சைப் போட்டேன். முள் 150-ஐக் காட்டியது. 75 வாட் உள்ளே போகிறது, வெளியே போக வழியில்லை. கண்ணாடிக்குள்ளே தகடு அடுப்புத் தணல் மாதிரி சிவந்தது. சுவிட்சை அணைக்க எனக்கு ஐந்து விநாடி ஆகியிருக்கும். அந்த வால்வு பிழைத்தது, ஆனால் அப்புறம் ஒருபோதும் முழு பவர் தரவில்லை. வரவும் செலவும் டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசம் எங்கேயோ ஓரிடத்தில் இருந்தே தீரும் என்பதை வங்கியில் கற்பதற்கு முன்பே அந்த 807 கற்றுக்கொடுத்துவிட்டது.

இனி 140 வாட் எங்கிருந்து வந்தது? நான் பேசுவது ஏ.எம். முறையில், பழைய மீடியம் வேவ் வானொலி மாதிரி. பேசாதபோதும் 35 வாட் அலை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதற்குக் கேரியர் என்று பெயர். பேசும்போது தகட்டின் 500 வோல்ட்டை என் குரல் ஏற்றி இறக்குகிறது. உச்சத்தில் ஆயிரம், பள்ளத்தில் பூஜ்யம். வோல்ட் இரட்டித்தால் கரன்ட்டும் இரட்டிக்கும், பவர் நான்கு மடங்கு. 35-ஐ நாலால் பெருக்கினால் 140. குரல் உச்சத்துக்குப் போகும் அந்தக் கண நேரத்துக்கு மட்டும். இந்த ஏற்ற இறக்கத்தைச் செய்ய 25 வாட் ஆடியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்றும், இரண்டு கையால் தூக்க வேண்டிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் தனியாக வேண்டும். அதனால்தான் என் செட் டி.வி. ஸ்டாண்டை அடைத்துக்கொண்டிருக்கிறது, என் வீட்டம்மாவின் புகாரும் அதுதான்.

கடைசிப் பதில்தான் வேதனையானது. முழு மாடுலேஷனில் மொத்தம் 52.5 வாட் வெளியே போகிறது என்றால், அதில் மூன்றில் இரண்டு பங்கு கேரியர். கேரியரில் ஒரு சேதியும் கிடையாது. குரல் இருப்பது இரண்டு பக்கப் பட்டைகளில். அந்த இரண்டிலும் இருப்பது ஒரே சேதி, அசலும் நகலும் மாதிரி. ஆக, உண்மையில் தேவையான சேதி 8.75 வாட். சுவரிலிருந்து 150 வாங்கி, 8.75 வாட் பேச்சு அனுப்புகிறேன். இந்த ஊதாரித்தனத்தைப் பார்த்துத்தான் உலகம் எஸ்.எஸ்.பி. என்ற முறைக்குப் போனது. அதில் கேரியரும் கிடையாது, நகலும் கிடையாது, பட்டையிலும் பாதி இடம் போதும். எங்களில் பெரும்பாலோர் இன்று அதில்தான் பேசுகிறார்கள். நான் ஏன் போகவில்லை என்றால், ஏ.எம்.மில் ஒருவர் பேசினால் பக்கத்து அறையில் இருந்து பேசுவது போல முழுக் குரலும் வரும். மூச்சு வாங்குவது, காபி டம்ளர் வைப்பது உட்பட. அதோடு செட்டில் கெட்டுப்போகும் எதையும் என் கையால் மாற்ற முடியும்.

உள்ளே போவதை அளப்பதா, வெளியே போவதை அளப்பதா என்ற இந்தக் கேள்வி அமெரிக்காவில் பெரிய மனஸ்தாபத்தையே உண்டாக்கியது. அங்கே நெடுங்காலம் 1000 வாட் இன்புட் என்பதே வரம்பு. என்னைப் போன்ற சி கிளாஸ்காரர் 75 சதவீதம் எடுத்தால் 750 வாட் கேரியர், உச்சத்தில் 3000 வாட். எஃப்.சி.சி. என்ற அவர்களின் ஆணையம் 1983-இல் விதியை மாற்றி, உச்சத்தில் 1500 வாட் வெளியே போகலாம், அவ்வளவுதான் என்றது. எஸ்.எஸ்.பி. காரர்களுக்கு நஷ்டமில்லை. ஏ.எம். காரர்களுக்கு 1500-ஐ நாலால் வகுத்தால் 375 வாட் கேரியர். சரிபாதி. அவர்கள் சத்தம் போட்டதில் 1990 ஜூன் 1 வரை விலக்கு கிடைத்தது. அதற்குப் பிறகு எல்லாருக்கும் ஒரே கோல்.

இதில் என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இரண்டு மனசு. இன்புட் விதி கெட்டிக்காரனுக்கு லாபம் தந்தது. அதே 50 வாட் இன்புட்டில் சோம்பேறியாக ஒரு லீனியர் ஆம்ப்ளிஃபயர் வைத்தால் கேரியர் 16, 17 வாட்தான் வரும். கஷ்டப்பட்டு டிப் எடுத்து, சி கிளாஸில் ஓட்டினால் 35. உழைப்புக்குக் கூலி. அவுட்புட் விதி வந்த பிறகு ஒருவர் 400 வாட் வாங்கி 100 வாட் அனுப்பினாலும், 130 வாங்கி 100 அனுப்பினாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரராக யோசித்தால் எஃப்.சி.சி. சொன்னதே சரி என்று படுகிறது. என் வீட்டுக்குள் நான் எவ்வளவு எரிக்கிறேன் என்பது என் கரன்ட் பில் கவலை. உங்களுக்கு வேண்டியது, என் கம்பியிலிருந்து எவ்வளவு வெளியே வருகிறது என்பதுதான். மேலும் பாதியாகக் குறைந்தது பெரிய இழப்பும் அல்ல. ரிசீவர்களில் சிக்னலை எஸ் மீட்டரில் பார்ப்போம். அதில் ஒரு படி என்பது நான்கு மடங்கு பவர். பாதியானால் அரைப் படி. எதிரே கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது, சண்டை போட்டவர்களுக்குத்தான் தெரியும்.

சி பிளாக்கில் இன்ஜினீயரிங் படிக்கும் தம்பி ஒருவர் கூட்டத்தில் எழுந்து, "அங்கிள், 100 வாட் டிரான்சிஸ்டர் செட் ரெடிமேடாகக் கிடைக்கிறதே, ஏன் இந்த இரும்பைக் கட்டி அழுகிறீர்கள்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்த செட்டுகளில் 100 வாட் என்பது உச்சம். ஏ.எம்.மில் போட்டால் கேரியர் 25 வாட்தான் வைக்க வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் இது தெரியாமல் கேரியரையே 100-க்குத் திருகிவிடுவார்கள். அப்புறம் குரலுக்கு மேலே ஏற இடமில்லாமல் பேச்சு நசுங்கும், ஃபைனல் டிரான்சிஸ்டர் வெந்துபோகும். லீனியர் ஆம்ப்ளிஃபயர் உச்சத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும். கேரியர் நேரத்தில் வோல்ட் பாதிதான் ஆடுகிறது, ஆகவே 78.5-ம் பாதியாகி 39 சதவீதத்துக்கு மேல் கணக்கிலேயே வராது.

இதற்கு 1936-லேயே பெல் ஆய்வகத்தில் டோஹர்ட்டி என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு வால்வு. ஒன்று கேரியரைச் சுமக்கும். மற்றது குரல் உச்சத்துக்குப் போகும்போது மட்டும் விழித்துக் கை கொடுக்கும், முகூர்த்த நாளுக்கு மட்டும் கூப்பிடும் கூடுதல் பரிமாறுபவர் மாதிரி. 60 சதவீதம் பக்கம் கிடைத்தது. இன்று செல்ஃபோன் டவர்களில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர்களில் பரவலாக இருப்பது அந்த டோஹர்ட்டி முறைதான். நம் கேட்டுக்கு எதிரே உள்ள டவரைப் பற்றி இதுவரை ஒரு கடிதமும் வரவில்லை என்பதைச் சும்மா குறிப்பிடுகிறேன்.

1975-இல் நேதன் சோகல் என்பவரும் அவர் மகன் ஆலனும் சேர்ந்து ஈ கிளாஸ் என்று ஒன்றை எழுதினார்கள். டிரான்சிஸ்டரை ஆம்ப்ளிஃபயராக நினைக்காமல் சுவிட்சாக நினை, மேலே வோல்ட் இல்லாத நேரம் பார்த்து அதைப் போடு என்பதுதான் சாரம். 90 சதவீதத்துக்கு மேல் தேறும். இப்போது அமெரிக்காவில் ஏ.எம். ஆர்வலர்கள் பலர் இப்படித்தான் கட்டுகிறார்கள். 35 வாட் கேரியருக்கு 39 வாட் போதும், சூடு நாலு வாட். அந்தத் தம்பி சம்மதித்தால் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒன்று கட்டலாம் என்றிருக்கிறோம்.

இனி மூன்றாவது கேள்வி. இதில் தப்பு என் பக்கம், முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஸ்பீக்கருக்குப் போகும் நீள வயர் என் அலையைப் பிடிக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் ஏதோ ஒரு டிரான்சிஸ்டர் டயோடு மாதிரி வேலை செய்து, அதிலிருந்து குரலைப் பிரித்துவிடுகிறது. ஏ.எம்.மைக் கேட்க ஒரு டயோடு போதும், அந்தக் காலத்துக் கிறிஸ்டல் ரேடியோ அதுதான். நான் எஸ்.எஸ்.பி.யில் பேசியிருந்தால் வாத்து கத்துவது போல ஏதோ கேட்டிருக்கும், யார் என்று தெரிந்திருக்காது. ஏ.எம். என்பதால் ஆள் அகப்பட்டுக்கொண்டேன். அந்த அம்மா ராமாயணப் பிரவசனம் கேட்டுக்கொண்டிருந்தபோது நடுவில் நான் வந்து, "உங்கள் சிக்னல் ஐந்துக்கு ஒன்பது" என்று சொன்னேனாம். அவர்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்து டபிள்யூ.எல்.டபிள்யூ. என்ற வானொலி நிலையம் 1934 முதல் 1939 வரை 500 கிலோவாட்டில் ஒலிபரப்பியது. பக்கத்து வீடுகளில் விளக்குகள் அணைய மறுத்தன என்று அந்தக் காலத்திலேயே பேச்சு உண்டு. பிறகு 50 கிலோவாட்டுக்கு இறக்கினார்கள். அமெரிக்க ஏ.எம். நிலையங்களுக்கு இன்றும் அதுதான் உச்சவரம்பு.

என் பங்குக்குச் செய்தவை, செய்யப்போகிறவை இவை. அந்த வீட்டு ஸ்பீக்கர் வயரை ஃபெரைட் வளையம் ஒன்றில் எட்டுச் சுற்றுச் சுற்றிக் கொடுத்தேன். ஒரு சுற்றுப் போதாது, இந்த அலைவரிசைக்குப் பல சுற்று வேண்டும். குரல் வெகுவாகக் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. அதனால் தகட்டு வோல்ட்டைப் பாதியாக்கிவிட்டேன். 250 வோல்ட், 50 மில்லி ஆம்பியர், இன்புட் 12.5 வாட், கேரியர் 9-க்குக் கொஞ்சம் குறைவு. மதுரையில் கேட்கும் நண்பருக்கு மீட்டரில் ஒரு படி இறங்கியது. "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

கம்பியைப் பற்றி. 20 மீட்டர் நீளம், முனைகளில் பல நூறு வோல்ட் ஏறும். இது எக்ஸ்ரே மாதிரியான கதிர் அல்ல. ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போது முனையைத் தொட்டால் விரல் சுடும், கொப்புளமே வரும். அதனால் கம்பியை முழுக்கத் தலைக்கு மேல் மூன்று மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருக்கிறேன், நைலான் கயிற்றில். துணி காயப்போடும் கொடி அதற்குக் கீழே வரக் கூடாது. பட்டம் விடும் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள், அவர்கள் டாக்டர் என்ன சொல்கிறாரோ அதன்படி நடக்கிறேன்.

தீர்மானம் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு செட்டை வராந்தாவில் வைக்கிறேன். இரண்டு மீட்டரும் வெளியே தெரியும். யார் வேண்டுமானாலும் வந்து பெருக்கிப் பார்க்கலாம். அதுவரை, உங்கள் வீட்டு ஸ்பீக்கரிலோ, போனிலோ, காலிங் பெல்லிலோ என் குரலோ சத்தமோ வந்தால், தேதியும் மணியும் ஒரு துண்டுத் தாளில் குறித்து வாட்ச்மேனிடம் கொடுங்கள். நான் எப்போது பேசினேன், எத்தனை வாட்டில் பேசினேன் என்பதை எழுதிவைக்கும் லாக் புக் லைசென்ஸ் விதிப்படி என்னிடம் இருக்கிறது. உங்கள் சீட்டையும் என் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒத்துப் பார்த்துவிடலாம்.